பலகை சுமக்கும் கொக்கி

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழின் தொன்மை குறித்து எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். நானோ ஒரு கொக்கியைப் பற்றி எழுத விழைகின்றேன்.

2010 ஆம் ஆண்டு அகதியாகக் கனடா வந்த எனக்கு, ஊரில் பௌதிகவியல் கற்பித்த அனுபவம் வேலை எதையும் பெற்றுத் தரவில்லை. ரொறன்ரோவின் கட்டட வேலைத் தலங்களில் கதவுகளும் ஜிப்சம் பலகைகளும் சுமந்தேன். 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடைய அரை அங்குலப் பலகையொன்று ஏறத்தாழ 20 கிலோவும் அதற்கு மேலும் நிறையுடையது. நிறையைக் காட்டிலும் பெருந்தொல்லை, பற்றுவதற்கு அதில் பிடி இல்லாமையே. அடிவிளிம்பைக் கீழிருந்து தாங்கி, குனியாமல் ஒரு கையால் தூக்கிச் செல்ல உதவுவதே இக்கொக்கி.

முதலில் அலுமினியக் கொக்கி வாங்கினேன். நாள் முழுதும் கையில் தொங்குவது இலேசாக இருக்கவேண்டுமல்லவா? அதன் அடர்த்தி உருக்கினதில் ஏறத்தாழ மூன்றிலொன்று. ஆனால் வளைவை எதிர்க்கும் வலுவும் மூன்றிலொன்றே. மேலும், குறித்த எல்லைக்குக் கீழான சுமையை உருக்கு எத்தனை முறையும் தாங்கவல்லது. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை கிடையாது. சிறிய சுமையாயினும் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் வெடிப்புத் தோன்றலாம்.

ஒரு மாரிகாலத்தில், படிக்கட்டில் கனத்த மரக்கதவொன்றைச் சுமந்தபோது கொக்கி வளைவில் முறிந்தது. பின்னே வந்த தோழரின் பாதத்தருகே கதவு வீழ்ந்தது. "கால் தப்பிச்சுது, மாஸ்டர்" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த இலக்கங்களைக் கரும்பலகையில் எழுதி, மனனஞ் செய்யாத மாணவரைக் கடிந்தவன் நான்!

பின்னர் நானே ஒன்று செய்துகொண்டேன். பிளாஸ்ரிக் வகைகள் சில கடுங்குளிரில் நொறுங்குமாதலால் அவற்றை விலக்கினேன். கொக்கிக்கு உருக்குத் தகடு. அது வலியதாதலால் மெல்லியதே போதுமாயிற்று, பாரமும் அஞ்சிய அளவுக்குக் கூடவில்லை. குளிரில் வெறும் உருக்கு உள்ளங்கையைச் சுடும். ஆகவே பிடிக்கு ஆஷ் மரம். மண்வெட்டிக்குப் பிடி தெரியும்போது, நாரோட்டம் நுனிவரை நேராகச் செல்கிறதா என்று ஐயா கண்ணருகே வைத்துப் பார்ப்பார். அவ்வாறே நானும் பார்த்தேன். ஜிப்சம் விளிம்பு நொறுங்காமலும் கதவின் வர்ணம் கீறுப்படாமலும் இருக்கக் கொக்கியின் உட்புறத்தில் றப்பர் ஒட்டினேன்.

இவ்வாண்டு விழா மேடைத் தட்டிகளைச் சுமக்கப் பத்தாம் வகுப்பு மாணவர் முன்வந்துள்ளனர். களஞ்சிய அறை ஆணியில் இரு கொக்கிகள் தொங்குகின்றன. தூக்குமுன் வளைவை விரலால் தடவிப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். றப்பர் தேய்ந்திருப்பின், பெற்றோர் எவரேனும் எனக்கு அறியத்தருக.