ஐப்பசியில் உதகைப் பூங்கா
(மூன்றாமாண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

உதகைக்குப் போனவர்கள் எல்லோரும் அரசு தாவரவியல் பூங்காவைப் பார்த்திருப்பர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கண்டது மே மாதப் பூங்கா. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மலர்களைவிடத் தலைகளே மிகுதியாகத் தெரியும் பூங்கா. எங்கள் வகுப்பு கல்விச் சுற்றுலா சென்றதோ ஐப்பசிக் கடைசியில்!

இரண்டாம் பருவப் பூக்களும் முடிந்து, பாத்திகளைக் கொத்திப் போட்டிருந்தார்கள். களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "மே மாசம் வந்திருக்கக் கூடாதா கண்ணு? இப்ப என்ன இருக்குதுன்னு வந்தீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். பூ ஓய்ந்த நேரத்தில்தான் நிலத்தை வகுத்தவருடைய கணக்கு தெரியும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

அந்தக் கணக்கில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று உண்டு. பட்டம் பெற்றபின் தோட்ட வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. "புல் வெட்டவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்பது அப்பாவின் கேள்வி. வங்கித் தேர்வு விண்ணப்பம் வீட்டில் காத்திருக்கிறது.

இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பணிபுரிந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் இங்கே வந்தபோது, மேற்பகுதி செங்குத்தான காடு, கீழ்ப்பகுதி சதுப்பு, குறுக்கே ஆழமான ஓடைப் பள்ளங்கள். முதல் வேலை செடி நடுவதன்று, நீரை வடிப்பது. இன்றும் அப்படித்தான். தூறலில் புல்வெளியின் ஓரமாகவே நடந்து பார்த்தேன். எங்கும் நீர் தேங்கவில்லை. அந்த அம்மாவிடமே காரணம் கேட்டேன். மண்வெட்டியால் ஓரத்து வாய்க்காலைச் சுட்டி, "இது அடைச்சுதுன்னா ரெண்டு மழையில புல்லு அழுகிப் போயிரும்" என்றார். எங்கள் பாடநூலில் ஒரு பக்கம் வரும் செய்தி!

பாதைகள் மலையில் நேராக ஏறவில்லை. சரிவின் குறுக்கே வளைந்து ஏறுகின்றன. மூச்சு வாங்காது, அதோடு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காட்சி மறைந்து மற்றொன்று திறக்கிறது. நடுவில் புல்வெளியை வெறுமையாக விட்டு, பின்னால் கரும்பச்சை ஊசியிலை மரங்களைத் திரையாக நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கும் பின்னால் தொட்டபெட்டாச் சரிவு, செலவில்லாமல் தோட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. செடிகளால் வரைந்த இந்திய வரைபடத்தின்முன் நண்பர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். என் கண்ணுக்கு அது சுவரொட்டி போலத்தான் பட்டது.

திரைப்படங்களில் வரும் செம்பொன் இலையுதிர்காலத்தைத் தேடி ஏமாந்த தோழியரும் உண்டு. உதகை நிலநடுக்கோட்டுக்கு 11 பாகையே வடக்கே உள்ளது. மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் குறையாது. லண்டனிலோ 8 மணி நேரம்கூட இராது. பகல் சுருங்குவதையும் குளிர் ஏறுவதையும் கண்டே குளிர்நாட்டு மரங்கள் இலையைக் கழிக்கின்றன. இங்கே நிறம் மாற்றுவது பனிமூட்டம்தான். அது இறங்கும்போது தொலைவு மரங்கள் சாம்பலாகி, ஒன்றன்பின் ஒன்றாக அழிந்து, கடைசியில் கையெட்டும் மரமொன்றே மிஞ்சுகிறது. அம்மம்ம, அந்த ஐந்து நிமிடங்கள்!

பூங்காவுக்கு மேலே தோடர் மந்து ஒன்று இருக்கிறது. வளைந்த கூரை வீடுகள், சுற்றிலும் புல். அங்கிருந்து கீழே பார்த்தால் மெக்ஐவரின் மரங்களில் பல வந்தேறிகள் என்பது உறைக்கிறது. இந்த மலையின் சொந்த நிலம் புல்மேடும் பள்ளத்துச் சோலையும்தான். இதே சரிவில் நான் ஒரு தோட்டம் வகுப்பதானால் முதல் மரமாக எதை நடுவேன்? பேருந்தில் நெடுநேரம் அதுவே நினைவு.

நம் அறிவியல் கட்டடத்தின் பின்னால் ஐப்பசி தோறும் முழங்கால் நீர் நிற்பதை அனைவரும் அறிவோம். அதன் மேடு பள்ளத்தை அளந்து, நீர் வடியும் வழியை வரைந்து, துறைத்தலைவர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். இன்னொரு படி அப்பாவிடம் இருக்கிறது.