குறுக்குச் சுவர்

ராதாபுரத்துக்குப் போயிருந்தபோது அண்ணன் மகன் லேப்டாப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முருங்கைக்காய் கமிஷன் கடைக்குக் கணக்கு வைக்க பைத்தானில் புரோகிராம் எழுதியிருக்கிறான். இடப்பக்கம் விவசாயிகள் பெயர். வலப்பக்கம் அவரவர் போட்ட எடை, கொடுக்கவேண்டிய பணம்.

"சித்தப்பா, ஜன்னலைப் பெருசாக்கினா வலது பக்கம் மட்டும் வீங்குது. நடுக்கோட்டை இழுத்தா பேரெல்லாம் காணாமப் போயிருது."

ஒரே திரையைத் தடுத்து அறைகளாக்குவது பழைய கலை. 1985-ல் வந்த முதல் விண்டோஸில் புரோகிராம்களின் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காரும். இவன் எடுத்திருந்தது டிகே. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கியது. பைத்தானோடு இலவசமாக வருவது. இப்படித் தடுப்பதற்கென்றே 'பேன்டு விண்டோ' என்ற சாமானை 2002-ல் வந்த 8.4 பதிப்பில் சேர்த்தார்கள். தடுத்த ஒவ்வொரு அறைக்கும் பெயர் 'பேன்'.

"யாருக்குலே பேன்?" என்றாள் மூலையில் இருந்த அத்தை.

டிகேக்கு ஒரு குணம் உண்டு. நாம் வாய் திறந்து சொல்லாவிட்டால், ஜன்னல் விரியும்போது கிடைக்கும் உபரி இடம் முழுவதையும் கடைசி அறைக்கே தூக்கிக் கொடுத்துவிடும். குறைந்தபட்ச அகலம், அதாவது 'மின்சைஸ்', பூஜ்யம். அதனால் கோட்டை இழுக்க இழுக்க ஓர் அறை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். அறை அழியவில்லை, உள்ளேதான் இருக்கிறது. இடம்தான் இல்லை.

இரண்டு அறைக்கும் 'ஸ்ட்ரெட்ச்' என்ற இடத்தில் 'ஆல்வேஸ்' போடச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து விரிந்தன. பின்னால் வந்த டிடிகேயில் இதே சாமான் பார்க்க இன்னும் அழகாக இருக்கும். ஆனால் அதில் அறைக்கு 'வெயிட்' மட்டும்தான் கொடுக்கலாம். குறைந்தபட்ச அகலம் கேட்க வழியில்லை. பழசே இருக்கட்டும் என்றேன்.

பேசிக்கொண்டிருந்த பட்டாசாலைக்கு நடுவிலும் ஒரு சுவர் உண்டு. 1984-ல், தாத்தா இருக்கும்போதே, அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்து எழுப்பியது. அத்தை பெயர் பத்திரத்தில் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 1989-ல். அதிலும் முன்னரே கல்யாணமானவர்களுக்கு அப்போது பங்கில்லை. முன்னரே பிரித்த சொத்துக்கும் பொருந்தாது. அத்தைக்கு இரண்டும் ஆகியிருந்தது. மாமா போனபிறகு திரும்பி வந்தவளுக்கு அடுக்களைக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம் கிடைத்தது. கட்டில் போட்டால் கதவு சாத்தாது.

"மின்சைஸ் எவ்வளவு போட, சித்தப்பா?" என்றான் பையன்.

இருக்கிறதிலேயே நீளமான பெயரை அளந்து அந்த அகலம் போடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"படுத்துப் புரளுத அளவுக்காவது போடுலே" என்றாள் அத்தை.