மலைக்கு இப்பாலும் அப்பாலும்



மலேசியா என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பினாங்குதான். நம் பாட்டன்மார் கப்பலேறிச் சென்று கரையிறங்கிய ஊர் அது. 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் ஒருவரால் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிமிர்ந்து நிற்கிறது. தோளில் தண்டு சுமந்து சோறும் கறியும் விற்ற நம்மவர்களின் உழைப்பு, ‘நாசி கண்டார்’ என்னும் பெயரில் அந்நாட்டின் பொதுச் சொத்தாகிவிட்டது. ஆயினும் பினாங்கு, தீபகற்பத்தின் மேற்குக் கரையை மட்டுமே நமக்குக் காட்டுகிறது. மலைக்கு அப்பால், கிழக்குக் கரையில் வேறொரு வாழ்க்கை நடக்கிறது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கு தெற்காகத் தித்திவங்சா மலைத்தொடர் ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்திற்கு முதுகெலும்பு போல் கிடக்கிறது. அதன் மேற்கே வெள்ளீயம் கிடைத்தது, ரப்பர் செழித்தது. ஆங்கிலேயரின் முதலீடும், 1885-இல் தைப்பிங்கில் தொடங்கிய முதல் இரயில் பாதையும் அங்கேயே வந்தன. கிழக்கே கிளந்தானும் திரங்கானுவும் 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தன. வடபகுதியில் இரு கரைகளையும் நேராக இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல்தான் திறக்கப்பட்டது. மேற்கில் பணம் பெருகியதும், கிழக்கில் பழைய வாழ்வு நிலைத்ததும் இதனாலேயே எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், பினாங்கில் உணவகம் நடத்தும் என் மைத்துனரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவர்களது வீடு பதினான்காம் மாடியில். கடை நள்ளிரவுக்குப் பின்னரே மூடப்படும். பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல மாதத்தில் ஒரு நாள் கிடைத்தால் அதுவே பெரிது. அந்த நாளும் நுழைவுச்சீட்டு, கார் நிறுத்தக் கட்டணம், உணவுச் செலவு என்று கணக்கிலேயே தொடங்கும். “மச்சான், இங்கே பிள்ளைகள் விளையாடுவதற்கும் தனியாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது” என்றார் அவர்.

மேற்குக் கரையில் பொழுதுபோக்கிற்குக் குறைவில்லை. பினாங்குக் கொடிமலைக்கு 1923 முதல் மலை இரயில் ஏறுகிறது. தைப்பிங்கில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தை 1880-இலேயே ஏரிப் பூங்காவாக்கினார்கள். இன்றும் எவரும் காசின்றி அதன் மர நிழலில் உலவலாம். நூறாண்டுக்குப் பின், கோலாலம்பூருக்கு அருகே பழைய ஈய நிலத்தில் எழுந்ததோ சன்வே லகூன் என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா. 1993-இல் திறக்கப்பட்ட அங்கே வாயிலிலேயே கட்டணம். இரண்டுமே சுரங்கக் குழியிலிருந்து பிறந்தவை. ஒன்று ஊருக்கு உரியது, மற்றொன்று வாங்கக்கூடியவருக்கு உரியது. மேற்கின் கதையே இந்த இரண்டுக்கும் இடையில் அடங்கியிருக்கிறது.

பினாங்கிலிருந்து நெடுஞ்சாலை வழியே கோத்தா பாருவுக்குப் பேருந்தில் சென்றேன். கிரிக் ஊரைத் தாண்டியதும் அடர்ந்த காடு. யானைகள் குறுக்கிடும் என்னும் எச்சரிக்கைப் பலகைகள். மலையிறங்கினால் நாட்களின் வரிசையே மாறிவிடுகிறது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மேற்கே கெடாவிலும் இவ்வழக்கம் உண்டு. பினாங்கிலும் தலைநகரிலும் சனியும் ஞாயிறுமே விடுமுறை. எனவே கிழக்கில் வியாழன் மாலையே வீடுகளில் மகிழ்ச்சி தொடங்கிவிடுகிறது. பெண் வணிகர்களே மிகுந்த கோத்தா பாரு சந்தைக்கு, வணிகம் செய்து சிறந்த அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

பொந்தோக் எனப்படும் மலாய் மதரஸா ஒன்றின் உஸ்தாத் என்னை விருந்தினராக ஏற்றார். அஸருக்குப் பின் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். மேற்குக் கரையில் பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடுகளும். இங்கோ சவுக்கு மர வரிசையும் நீண்ட வெண்மணலும். குடும்பங்கள் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்டன. வானில் ‘வாவ்’ என்னும் மலாய்ப் பட்டங்கள். மூங்கிலைச் சீவி, வண்ணத்தாளில் பூவேலை செய்து, ஆளுயரத்துக்கும் மேலாகக் கட்டுகிறார்கள். தலைப்பகுதியில் பொருத்திய வில், காற்றில் ரீங்காரமிடுகிறது. ஐந்து கிலோ வரை எடையுள்ள பம்பரத்தையும் கயிறு சுற்றி வீசுகிறார்கள். அது ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுழல்கிறது. 1989-இல் வெளிவந்த 50 சென் நாணயத்தில் பட்டத்தையும், 5 சென் நாணயத்தில் பம்பரத்தையும் பொறித்து அந்நாடு அவற்றைப் பெருமைப்படுத்தியது.

கிழக்கு சுவனபதி என்று எண்ணிவிடாதீர்கள். நவம்பர் முதல் பருவமழை சீறினால் படகுகள் கரையேறிவிடும், வருவாய் நின்றுவிடும். 2014 டிசம்பரில் வந்த வெள்ளம் கிளந்தானில் ஊர்களையே அடித்துச் சென்றது. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கரைக்கு 1950-களில் ஏராளமாக வந்து முட்டையிட்ட தோணி ஆமைகள், முட்டை சேகரிப்பாலும் மீன்வலைகளாலும் இன்று ஏறக்குறைய இல்லாமலே போயின. வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டமும் விளக்கொளியும் அவற்றைக் கலைத்தன. கட்டணமின்றிக் கிடைத்த கரை என்பதற்காக அதற்கு விலையே இல்லை என்று நினைத்துவிட்டோம் போலும்!

உஸ்தாதின் மைந்தர் இருவரும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். பெருநாளுக்கு மட்டுமே ஊர் வருவார்கள். அரபியும் அரைகுறை மலாயும் கலந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “என் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டத் தெரியும். பேரனுக்குக் கடையில் வாங்கத்தான் தெரியும்.” அந்தச் சொல்லில் ஒரு தலைமுறையின் இழப்பு அடங்கியிருந்தது.

பிள்ளைகள் மலை கடப்பதை எவரும் குறை கூற முடியாது. வயிறு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. மலையைக் குடைந்து கிழக்குக் கரைக்கு இரயில் பாதை அமைக்கும் பணியும் 2017-இல் தொடங்கியது. அது கிழக்கிற்குத் தொழிலைக் கொண்டுவரட்டும். பிரிந்த பிள்ளைகளை விரைவாக வீடு சேர்க்கட்டும். ஆனால் மாலை நேரத்தை நுழைவுச்சீட்டாக மாற்றும் பழக்கமும் அதே வண்டியில் வந்திறங்கினால், கரை இருக்கும். கரையில் அமர்வோர் இருக்கமாட்டார்கள்.

சகோதர சகோதரிகளே! ஓய்வும் இறைவன் அளித்த அமானிதமே. அதைப் பணத்தால் நிரப்புவது எளிது. நம் நேரத்தால் நிரப்புவதே கடினம். உங்கள் பிள்ளைக்குச் சென்ற விடுமுறையில் நீங்கள் வாங்கிக் கொடுத்தவற்றை எண்ணிப் பாருங்கள். பின்னர், அருகில் அமர்ந்து கற்றுக் கொடுத்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது கணக்கு சிறிதாக இருப்பின், வருகின்ற விடுமுறைக்கு ஒரு மூங்கில் குச்சியும் சிறிது வண்ணத்தாளும் போதும்.