பதினான்கா, பதினைந்தா?

ஜனவரி 11

அந்தமானில் நான் இருக்கும் ரங்கத்திலிருந்து மாயாபந்தருக்குப் போய்த் திரும்பினேன். போகவர ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கடலாமைகள் முட்டையிட வரும் கட்பர்ட் பே பக்கம் சாலை சற்றே சமமாய் ஓடுமிடத்தில், என் நூறு சி.சி. வண்டி டாப் கியரிலும் கதறத் தொடங்கி, இல்லாத ஐந்தாவது கியரைத் தேடி என் இடக்காலைப் பலமுறை அழுத்தவைத்தது. சாலைக்கோ தேசிய நெடுஞ்சாலை 4 என்று பெயர். அந்தப் பெயருக்கு ஏற்ற வாகனமாக இதையும் ஆக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். மாடில்லாத வீட்டில் வண்டியைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டபின், பக்கத்து மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணினேன். யந்திரத்தோடு சேர்ந்த சின்ன ஸ்பிராக்கெட்டுக்குப் பதினான்கு. பின் சக்கரத்தில் நாற்பத்திரண்டு. ஆகவே சின்னது மூன்று முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். சின்னதில் ஒரு பல்லைக் கூட்டிப் பதினைந்தாக்கினால் அந்த மூன்று 2.8 ஆகும், அதே வேகத்தில் நிமிஷத்துக்கு 6,000 முறை சுழன்ற யந்திரம் 5,600 முறை சுழன்றால் போதும். பின்னால் இதே பலனைப் பெற மூன்று பற்களைக் குறைக்க வேண்டும். ஆதலால் முன்னால் ஒன்றைக் கூட்டுவதே சுலபமும் சிக்கனமும் ஆகும். மாணவர்களுக்கு விகிதக் கணக்கு நடத்தி வயிறு வளர்க்கும் எனக்கு, என் காலடியிலேயே இப்படியொரு கணக்கு இத்தனை நாள் கிடந்தது வெட்கமாய் இருந்தது.

ஜனவரி 28

போர்ட் பிளேர் என்று நாங்கள் இன்றும் வழங்கும் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து பதினைந்து பல் சாமான் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கடைவீதி மெக்கானிக் இராமநாதபுரத்துப் பிள்ளை. அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “மாட்டிடலாம் சார். ஆனா மேட்டுல கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க” என்றான். செயினும் தேய்ந்திருந்தால் அது புதுப் பல்லைத் தின்றுவிடுமாம். நல்லவேளை, எல்லாவற்றையும் சென்ற மாதந்தான் புதிதாகப் போட்டிருந்தேன். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினுக்கு உருவம் கொடுத்தார். அதன் வம்சத்தில் வந்து, கோயம்புத்தூரில் பிறந்து, கப்பலேறி ரங்கத்துக்கு வந்த செயின் என்னுடையது. ஒரு பல் கூடியதால் பின் அச்சை மூன்று மில்லிமீட்டரளவு முன்னே நகர்த்த நேர்ந்தது. செயினின் கண்ணிகள் இரட்டைப்படை. பற்களும் இரட்டைப்படையானால் ஒவ்வொரு பல்லும் எப்போதும் ஒரே வகைக் கண்ணியையே சந்திக்கும், பதினைந்தானால் உட்கண்ணியையும் வெளிக்கண்ணியையும் மாறிமாறிச் சந்தித்துச் சமமாய்த் தேயும் என்று எண்ணிப் பார்த்தபோது, தொழிலில் பாதி முடிந்ததுபோல ஓர் ஆனந்தம் உண்டாயிற்று.

பிப்ரவரி 1

மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாயாபந்தருக்குப் பரீட்சைப் பிரயாணம். சமதரையில் வண்டி சங்கீத வித்வானைப்போலச் சுருதி தாழ்ந்து ஓடிற்று, மனம் குளிர்ந்தது. காடு தொடங்கி, சாலை வளைந்து ஏறத் தொடங்கியதும் சுருதி மாறியது. சக்கரத்தில் இழுவிசை பதினைந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதல்லவா? முன்பு நான்காவது கியரில் முனகிக்கொண்டாவது ஏறிய மேட்டில் இப்போது மூன்றாவது, மூன்றாவதில் ஏறியதில் இரண்டாவது என்று, சமதரையில் யந்திரத்துக்குக் கொடுத்த ஓய்வையெல்லாம் மேட்டில் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டேன். “சத்தம் குறைஞ்சிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு எடத்துல நான் எறங்கி நடக்கணுமோன்னு நெனச்சேங்க” என்றாள் அவள்.

பிப்ரவரி 22

மூன்று வாரம் பெட்ரோலை அளந்து எழுதியதில், லாபம் என்று சொல்லத் தக்கது எதுவும் தென்படவில்லை. அதிக வேகமும் கிட்டவில்லை. ஏனெனில் காற்றின் தடையை மட்டும் கணக்கிட்டாலே வேகத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். யந்திரத்தின் சக்தியோ பல்லைக் கூட்டுவதால் இம்மியும் கூடாது. வேகமானியின் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அது பொய் சொல்லியும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. இன்று வேறொரு காரியம் செய்தேன்: கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சென்று, முழுவேகத்தில் தடையின்றி ஓடிய நேரத்தைக் குறித்தேன். மொத்தப் பிரயாணத்தில் அது மிகச் சொற்பம். மிச்சமெல்லாம் வளைவு, மேடு, எதிரே வரும் பஸ், சாலையோரம் நிற்கும் ஆடு.

மார்ச் 1

பழைய பதினான்கே மறுபடியும் ஏறியது. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் சிரித்தான். அவன் சொல்ல வேண்டியதை ஜனவரியிலேயே சொல்லிவிட்டான். சென்னையிலிருந்து பெங்களூர் வரை நேர்கோடாய் ஓடுகிறவனுக்குப் பதினைந்து பொருத்தமாயிருக்கலாம். நான் சாலையின் பெயரைக் கேட்டுப் பல்லை மாற்றினேன். சாலையைக் கேட்டிருந்தால் அது முதல் மேட்டிலேயே விடை சொல்லியிருக்கும். கழற்றிய பதினைந்து பல் ஸ்பிராக்கெட்டுக்கு எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், கடற்காற்றில் துருவேறாதிருக்க. மாலையில் கட்பர்ட் பே வரை போனேன். ஐம்பதைத் தாண்டியதும் வண்டி பழையபடி கதறிற்று. வலக்கை மணிக்கட்டைச் சிறிது தளர்த்தினேன், அடங்கிவிட்டது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.