மவர்பார்க் சந்தையில் ஒரு பழைய கமரா

பேர்லின் மதில் ஓடிய இடமொன்றில் இன்று மவர்பார்க் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே பழைய சாமான் சந்தை கூடும். தேடிப் பார்த்தால் சோவியத் கமராக்களும் அகப்படும். கார்கிவ் நகரில் செய்த ஃபெட், மொஸ்கோவுக்கு அருகே செய்த சோர்க்கி, கீவ் நகரில் செய்த கீவ் என்பனவே அதிகம்.

கீவ் பழுதானால் திருத்துவது கஷ்டம். அன்றாடப் பாவனைக்கு 1955இல் வந்த ஃபெட்-2 போதும். பின்மூடி முழுதாகக் கழலும். பிலிம் போடுவது சுகம். தூரம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டும் எட்ட இருப்பதால் குவியம் பிசகாது. ஆனால் வெளிச்சம் அளக்கும் மீற்றர் இல்லை.

காசு கொடுக்குமுன் பின்மூடியைக் கழற்றி, சட்டர்த் துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசித்துவாரம் தெரிந்தால் வேண்டாம். அடுத்து, தூரத்தைக் கடைசிக் குறியில் வைத்து, எட்டத் தெரியும் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பாருங்கள். இரண்டு கோபுரம் தெரிந்தாலும் வேண்டாம். வாங்கியபின் ஒன்றை மறவாதீர்கள்: பிலிமைச் சுற்றிய பிறகே வேகத்தை மாற்றவேண்டும். முன்னர் மாற்றினால் பழுதாகும்.

1934இல் ஃபெட்டைச் செய்யத் தொடங்கியது கார்கிவிலிருந்த ஒரு சிறுவர் இல்லம். வீடு வாசல் இழந்து தெருவில் நின்ற பிள்ளைகள் அங்கே தொழில் பழகினார்கள்.

அல்பங்களை ஊரில் விட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு பிலிமில் 36 படம்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முதல் நாளை எடுங்கள். படத்தைக் கழுவி, பின்புறம் பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். புது அல்பம் அதிலிருந்து தொடங்கட்டும்.