டிரினாவும் அவள் பாட்டியும்

இளமையில் விரும்பி வாசித்த நூல்களை நடுவயதில் மீண்டும் கையிலெடுத்தல் தகாது, எடுத்தால் பழைய இன்பமும் போய்விடும் என்று எச்சரிப்பவர் பலர். அவ்வெச்சரிக்கையை நாம் மதித்தோமில்லை. சென்ற கோடை விடுமுறையில், விடைத்தாள்கள் திருத்தி முடிந்தவுடன், டிரினா என்னும் நடனச் சிறுமியின் கதையைக் கூறும் பதினொரு ஆங்கில நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து முடித்தோம். வெயிலின் கொடுமையை மறக்க இதனினும் நல்ல உபாயம் ஒன்றிருப்பதாக நாம் அறியோம்.

இந்நூல்களை அறியாத வாசகர்களின் பொருட்டுச் சில செய்திகளை முதற்கண் கூறுதல் வேண்டும். இவற்றை இயற்றியவர் மேபிள் எஸ்தர் ஆலன் என்னும் அம்மையார். 1915 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள வாலஸி என்னும் ஊரிற் பிறந்து, 1998 ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, சிறுவர் சிறுமியர்க்கென நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவர். இந்தத் தொடரை அவர் ஜீன் எஸ்டோரில் என்னும் புனைபெயரால் வெளியிட்டார். முதல் நூல் 1957 இலும் பத்தாம் நூல் 1965 இலும் வெளிவந்தன. பதினோராவது நூலின் வரலாறு தனி. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அக்காலம் இங்கிலாந்தில் பாலே நடனம் செழித்து ஓங்கிய காலம். நினெட் டி வலோயிஸ் அம்மையார் தொடங்கி வளர்த்த சாட்லர்ஸ் வெல்ஸ் நடனக் குழு 1956 இல் அரச சாசனம் பெற்று ராயல் பாலே ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே அக்குழுவின் பள்ளி, லண்டனை அடுத்த ரிச்மண்ட் பூங்காவிலுள்ள ஒயிட் லாட்ஜ் மாளிகையிற் சிறு பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. நடனச் சிறுமியரைப் பற்றிய கதைகளும் பெருகின. நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்டு அம்மையாரின் 'பாலே ஷூஸ்' 1936 இலும், லோர்னா ஹில் அம்மையாரின் தொடர் 1950 முதலும் வந்துவிட்டன. ஆதலின் டிரினா இவ்வரிசையில் முதல்வள் அல்லள். நடையிலும் தலைசிறந்தவள் என்று நாம் வாதிடப் புகவில்லை. நியூயார்க், பாரிஸ், மதீரா, சுவிட்சர்லாந்து என்று அவளை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் நடு நூல்களிற் சில பகுதிகள் யாத்திரிகர்க்கு வழிகாட்டும் புத்தகம் போலவே இருக்கின்றன; அவற்றை இம்முறை விரைந்து புரட்டிச் சென்றோம்.

கதையின் வித்து இதுதான். டிரினா தாய் தந்தையரைக் குழவிப் பருவத்திலேயே இழந்தவள். தந்தை இத்தாலியர். தாயைப் பெற்ற பாட்டனும் பாட்டியுமாகிய செஸ்டர் தம்பதிகளே அவளை வளர்க்கின்றனர். அவளுக்குப் பாலே நடனத்தின்மேல் அடங்காத ஆவல். பாட்டிக்கோ அச்சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. காரணம் எவரும் சொல்வதில்லை. நெடுநாள் கழிந்தபின்னரே சிறுமி உண்மையை அறிகிறாள். எலிசபெத் ஐவரி என்று மேடையிற் புகழ்பெற்று விளங்கிய நடனமாதே அவள் அன்னை. நியூயார்க்கில் ஆடுவதற்காகச் சென்றபோது, ஏறிய விமானம் வீழ்ந்து கணவனோடு மாண்டவள். இதனை அறிந்த டிரினா செய்த காரியமே இத்தொடரின் அச்சாணி. ஐவரியின் மகள் என்பதை ஊரார்க்குச் சொல்லாமல், ஆந்திரினா ஆதாமோ என்னும் இயற்பெயரையும் மறைத்து, வெறும் டிரினா ஆடம்ஸ் ஆகவே லண்டனிலுள்ள டொமினிக் நடனப் பள்ளியிற் பயில்கிறாள். தாயின் புகழைக் கொண்டு ஏணி ஏறாமல் தன் கால்களின் வலியினாலேயே ஏறவேண்டும் என்பது அவள் விரதம். டொமினிக் பள்ளி கற்பனையே. தேடிச் செல்வோர்க்கு அகப்படாது.

எமக்கு இந்நூல்கள் கிடைத்தது ஒரு பள்ளி விடுதியின் நூலக அலமாரியில். தாய்நாடு திரும்பிய ஓர் ஆசிரியை விட்டுச் சென்ற பெட்டியிலிருந்து வந்தவை என்பார்கள். பதினொன்றும் இல்லை, முதலாவது, இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்னும் நான்கே இருந்தன. இரண்டாம் நூலில் லண்டனில் நின்றவள் நான்காம் நூலில் இத்தாலியில் இருப்பாள். இடையில் நிகழ்ந்தது யாது என்று இரவில் விளக்கணைந்தபின் தோழியரெல்லாம் கூடி ஆளுக்கொரு கதை கட்டுவோம். மூன்றாம் நூலின் பெயர் மட்டும் உள்ளட்டையில் அச்சாகியிருந்தது. அதில் வனவாசம் என்று பொருள்படும் சொல் ஒன்று காணப்பட்டமையால், அவளைப் பாட்டி ஒரு தீவில் அடைத்துவைத்தாள் என்பதே விடுதியில் நிலைபெற்ற கொள்கை.

பாலே நடனத்தை எம்முள் ஒருத்தியேனும் கண்டதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தொலைக்காட்சி விடுதிக்கு வராத காலம் அது. கண்டிராத நடனத்தைச் சொற்களினாலேயே கற்றோம். பிளியே, அரபெஸ்க், பிருவெட் என்னும் பிரெஞ்சுச் சொற்கள் எமக்கு அசைவுகளாக அல்ல, ஓசைகளாகவே வந்தன. விரல் நுனியில் நிற்பதற்குரிய பாதணியின் முனை மரத்தாலானது என்று நம்பினோம். அது துணியையும் தாளையும் பசையிட்டு அடுக்கி இறுக்கியது என்பதும், உழைக்கும் ஆட்டக்காரிக்கு ஒரு சோடி ஒரே இரவில் நைந்துபோவதும் உண்டு என்பதும், கால் எலும்புகள் உரம் பெறுமுன் சிறுமிகளை அவ்வணியில் ஏற்றலாகாது என்பதும் பிற்காலத்தில் அறிந்தவை. கட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்கால்களை இருபுறமும் விரித்து மடிக்கும் பிளியேயைப் படத்திற் கண்டபோது, இஃது அரைமண்டியன்றோ என்று வியந்தோம். ஆனால் நம் நாட்டுப் பெண் அவ்விருப்பிலேயே நிலைத்து நிலத்தைத் தட்டுகிறாள். அந்நாட்டுப் பெண் அங்கிருந்து எழுந்து நிலத்தை விட்டுப் பிரிய முயல்கிறாள்.

இவ்விரு கலைகளுக்கும் இடையே உண்மையான உறவொன்றும் உண்டு. ருஷ்ய நடனமாதாகிய அன்னா பாவ்லோவாவை 1928 இற் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்ற ருக்மிணி தேவி அம்மையார், தம் நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா கூறிய சொல்லை ஏற்றுத் தமிழ்நாட்டு ஆடலைக் கற்று, 1935 இல் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டிற் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். அவர் மேடையேறியபோது எழுந்த கண்டனம் சிறிதன்று. 'நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா?' என்னும் அவ்வினா அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும் எம் விடுதியிற் பிள்ளைகளை விட்டுச் சென்ற பெற்றோர்களின் நாவில் உயிரோடிருந்தது.

ஆகையால் செஸ்டர் பாட்டியின் மறுப்பை நாங்களெல்லோரும் அவ்வாறே பொருள் கொண்டோம். மானத்துக்கு அஞ்சிய கிழவி. ஊர் வாய்க்கு அஞ்சிய கிழவி. எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு உறவினள். நூலாசிரியர் அனைத்தையும் சிறுமியின் கண்வழியே காட்டுவதால், அப்பாட்டியைத் தடையாகவே காணல் சிறுமியர்க்கு இயல்பு. தாண்டவேண்டிய வேலியைப் பார்த்து இரங்குவார் யார்?

இம்முறை வாசித்தபோது முதல் நூலின் பக்கங்களில் எம்மை நிறுத்தியவள் டிரினா அல்லள், அவளே. அவள் மறுப்பில் மானம் என்பது மருந்துக்கும் இல்லை. அவள் மகள் உலகம் போற்ற ஆடியவள். அதில் அவளுக்கு ஒரு நாணமும் இருந்திலது. அவள் அஞ்சியது விமானத்தை. மகளை ஏற்றிச் சென்று திருப்பித் தராத அதே பாதையில் பேர்த்தியும் அடியெடுத்து வைப்பதை. எரிந்துவிழும் சொற்களும், நடனம் என்றவுடன் பேச்சை மாற்றும் வழக்கமும் பிள்ளை இழந்த தாயின் செயல்கள். இவ்வளவும் நூலில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியை எதையும் ஒளித்தாரில்லை.

ஜென்னி பில்கிரிம் என்னும் தோழியையும் இம்முறை வேறு கண்ணாற் பார்த்தோம். அவளும் டிரினாவோடு நடனம் பயின்றவள்தான். பின்னர், இது தனக்கு ஏற்றதன்று என்று விட்டு, பண்ணைத் தொழிலில் மனத்தைச் செலுத்துகிறாள். அக்காலத்தில் ஜென்னிக்காக எம் விடுதியிற் கண்ணீர் சிந்தியவர்களும் உண்டு. இப்பொழுது பார்த்தால், பதினொரு நூல்களிலும் இரவில் நன்றாக உறங்கியவள் அவள் ஒருத்தியே என்று தோன்றுகிறது. பசுக்களைப் பற்றி அவள் பேசும் பேச்சு, மதீராவைப் பற்றி ஆசிரியை எழுதும் வருணனையினும் சுவையுடையது.

இனி, இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்காக நில்லாமற் போன காரணத்தையும் கூறுவோம். எம் மகளுக்கு வயது பதின்மூன்று. ஓட்டப் பந்தயத்தில் வல்லவள். பங்குனி மாதத்தில் நடந்த தேர்வில் வென்று, வெளியூரிலுள்ள விளையாட்டு விடுதியொன்றிற் சேர்வதற்கு உரிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். அவள் தந்தையார் உடனே கையொப்பமிட்டார். எம் வீட்டிலுள்ள மூத்தவராகிய எம் அன்னையாரோ அத்தாளைக் கண்டவுடன் எழுந்து உள்ளே சென்றார். மூன்று நாள் எவரிடமும் பேசவில்லை. எம் தமையனார் ஒருவர் இருந்தார். அவரும் ஓடியவர். பந்தயத்துக்கு வெளியூர் சென்று திரும்புகையில், நள்ளிரவில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் பத்தொன்பதாம் வயதில் மாண்டார். மாலையிட்ட படம் சுவரில் இருக்கிறது. அவர் ஓடினார் என்ற செய்தி மட்டும் அவ்வீட்டிற் பேசப்படுவதில்லை. பதக்கங்கள் எங்கே உள்ளன என்பது அன்னையார்க்கே தெரியும். எம் மகள் தன் மாமன் ஒரு விபத்தில் இறந்தார் என்ற அளவே அறிவாள்.

அந்நாட்களிலேதான் நாம் திண்ணையில் அமர்ந்து டிரினாவை வாசித்துக்கொண்டிருந்தோம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அன்னையார், பேசாதிருந்து சலித்தோ என்னவோ, 'அது என்ன கதை?' என்று கேட்டார். சொன்னோம். அவர்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆதலால் பிற்பகல்தோறும் சிறிது சிறிதாகத் தமிழிற் சொல்லி வந்தோம். நடனத்தைப் பற்றி அவர்க்கு அக்கறை இல்லை. பாட்டனார்க்கு என்ன உத்தியோகம், இத்தாலியச் சம்பந்திகள் பிள்ளையைக் கேட்டு வரவில்லையா என்பனவே அவர் கேள்விகள். நான்காம் நூலில் தந்தைவழிப் பாட்டியை அவள் சந்திக்கப் போகிறாள் என்று சொல்லி அமைதி செய்தோம். விமானம் வீழ்ந்த செய்தியைச் சொன்ன அன்று கீரை உருவிய கை நின்றது. 'அந்தக் கிழவி பாவம்' என்றார். நெடுநேரம் கழித்து, 'அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?' என்று கேட்டார்.

நாம் விடை கூறுமுன்னரே, 'நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வராது' என்று எழுந்துபோனார். எந்தப் பிள்ளைக்கு என்று நாம் கேட்கவில்லை.

அன்றிரவே மகளிடம் சொன்னோம். அவள் படத்தைச் சற்றுநேரம் பார்த்திருந்து, 'மாமா எத்தனை மீட்டர் ஓடுவார்கள்?' என்று வினவினாள். எண்ணூறு என்றோம். அவளும் எண்ணூறே. மறுநாட் காலையில் விண்ணப்பத்தில் எம் கையொப்பமும் இடப்பட்டது. அன்னையார் இசைந்தார் என்று சொல்ல இயலாது. வெளியூர் விடுதியில் இரவு உணவு எத்தனை மணிக்கு என்றும், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி இரவிற் செல்லுமா என்றும் விசாரித்து எழுதுமாறு மட்டும் பணித்தார். எழுதியிருக்கிறோம்.

மூன்றாம் நூலைப் பற்றிய எம் விடுதிக் கொள்கை இம்முறை தகர்ந்தது. தீவும் இல்லை, சிறையும் இல்லை. பாட்டனும் பாட்டியும் ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தமையால், லண்டனுக்கு வடமேற்கேயுள்ள சில்டர்ன் குன்றுகளில் டொமினிக் பள்ளி நடத்தும் விடுதியில் டிரினா தங்குகிறாள். அதற்கே அத்துணைப் பெரிய பெயர். முதலிற் புழுங்கி, பின்னர் அக்குன்றுகளை விரும்பத் தொடங்குகிறாள். எம் மகள் இதனை வாசித்துவிட்டு, 'இதற்குப்போய் இவ்வளவு அழுகையா?' என்று நூலை மூடினாள். அவள் இன்னும் விடுதிக்குப் போகவில்லை என்பதை நினைவிற் கொள்க.

பதினோராம் நூலின் செய்தி எஞ்சியிருக்கிறது. பத்தாம் நூல் டிரினாவை நடனக் குழுவோடு ஊர் ஊராகச் செல்ல வைத்து 1965 இல் நின்றது. சிறுமியாய் இருந்து வாசித்தவர்கள் தாய்மாராகி, அவர்கள் மக்களும் வளர்ந்துவிட்டனர். 1991 இல், 26 ஆண்டுகள் கழித்து, 75 வயதளவில் இருந்த ஆசிரியை மீண்டும் அவளைக் கையிலெடுத்து, 'டிரினா, பாலரினா' என்னும் நூலால் தொடரை முடித்தார். கதைக்குள்ளே டிரினாவுக்குச் சில ஆண்டுகளே கழிந்திருக்கின்றன. கிழவியாகும் வேலை ஆசிரியைக்கும் எமக்கும் விடப்பட்டது. அந்நூலை இன்னும் மகளிடம் கொடுக்கவில்லை. விடுதிக்குச் செல்லும் பெட்டியில், ஓடும் பாதணிகளின் கீழே வைத்திருக்கிறோம்.