60 கிராம்
ஒற்றை ஆள் கூடாரம். நடுவில் தாங்க ஒரே ஒரு கம்பம், 120 செ.மீ. கார்பன் ஃபைபரா, அலுமினியமா? எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன். 60 கிராம் மிச்சம் என்று கார்பனை வாங்கினேன்.

இமாச்சலில் ஹம்ப்டா கணவாய்க்குப் போகும் வழியில், ராத்திரிக் காற்றில் 'பட்'டென்று ஒரு சத்தம். ஈரத்துணி முகத்தில் விழுந்தது. அலுமினியம் என்றால் முதலில் வளையும். நிமிர்த்தி, மேலே ஒரு குழாய்த்துண்டை மாட்டி இரவை ஓட்டிவிடலாம். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். இன்ஜினியரிங்கில் ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் வரைபடமாகப் படித்ததுதான். பரீட்சையில் எழுதினேன், கடையில் மறந்துட்டேன்.

விடியும்வரை கையைத் தூக்கி நானே கம்பமாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பையில் அலுமினியம், கூடவே ஒரு சாண் குழாய். அந்த 60 கிராமை பிஸ்கட்டில் குறைத்துக்கொள்கிறேன்.